பூச்சியத்துக்குப் போன சோற்றுப் பார்சல்: சிஸ்டம் டெக்ஸ்ட் ஜேசன் பாவித்த அனுபவம்

மச்சாளின் சமையலறை திருநெல்வேலிச் சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பதினொரு மணிக்குச் சோறு வடித்து, பருப்பு, கீரை, கத்தரிக்காய்ப் பால்கறி, மீன் குழம்பு எல்லாவற்றையும் லஞ்ச் ஷீட்டில் கட்டி, பன்னிரண்டுக்கு முன்னம் இரண்டு மோட்டார் சைக்கிளில் பார்சல் வெளிக்கிட்டுவிட வேண்டும். நாளைக்கு நாற்பது, ஐம்பது பார்சல். எந்த வீட்டுக்கு முதலில், எந்த வீட்டுக்கு அடுத்தது என்று ஒழுங்கு போட்டுக் கொடுக்கும் சின்னப் புரோகிராம் ஒன்றைக் கொக்குவிலில் என் வீட்டிலிருந்தபடியே எழுதிக் கொடுத்தேன். சம்பளம், மத்தியானச் சாப்பாடு.

அந்தப் புரோகிராமின் நடுவில் குந்தியிருக்கும் ஒரு பொருளைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. புரோகிராம் எழுத மைக்ரோசொஃப்ட் தரும் டொட் நெட்டோடு சேர்ந்தே வரும் சிஸ்டம் டெக்ஸ்ட் ஜேசன் என்ற லைப்ரரி, அதாவது மற்றவர் எழுதி வைத்ததை நாம் எடுத்துப் பாவிக்கும் கோட் தொகுப்பு. யாழ்ப்பாணத்தில் லைப்ரரி என்றால் வெள்ளை நிறத்தில் குவிமாடத்தோடு நிற்கும் ஒன்றுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். இது வேறு. இதற்கு அங்கத்துவக் கட்டணமும் இல்லை. டொட் நெட் 8இல் வைத்து ஒன்றரை வருடமாகப் பாவிக்கிறேன்.

என்ன வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் முகவரியை எழுத்தாகத் தருவார். அதை வரைபடச் சேவை ஒன்றுக்கு அனுப்பினால் அந்த இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு, முழுப் பெயர், நாடு எல்லாம் ஜேசன் வடிவில், அதாவது புலத்தின் பெயரும் அதன் மதிப்புமாக அடுக்கி, திரும்பி வரும். எவ்வளவு அழகாக அடுக்கி வந்தாலும் வந்து சேர்வது வெறும் எழுத்துத்தான். அதைப் பிரித்து, "இது ஓர் இடம், இதற்கு அகலாங்கு என்று ஓர் எண் உண்டு" என்று நான் புரோகிராம் எழுதும் மொழியான சி ஷார்ப்புக்கு விளங்கும் ஒப்ஜெக்டாக ஆக்குவதைத்தான் டிசீரியலைஸ் செய்வது என்கிறோம். பார்சலை அவிழ்த்துச் சோற்றைக் கோப்பையிலும் சொதியைக் கிண்ணத்திலும் போடுவது மாதிரி. அது சரியாக நடந்துவிட்டால் பிறகு, எழுதிய கோடை ஓட்டமுன்னம் சரிபார்க்கும் கொம்பைலர் காவல் நிற்கும். சோற்றுக்கு வைத்த கோப்பையில் யாரும் சொதியை ஊற்ற முடியாது.

நான் கேட்கும் சேவை நொமினாட்டிம். எல்லாரும் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற உலக வரைபடத்தின் தரவுக்குள் முகவரி தேடித் தரும் திறந்த மென்பொருள். அதன் பொதுச் சேர்வரை யாரும் காசில்லாமல் கேட்கலாம், ஆனால் நிபந்தனைகள் உண்டு. செக்கனுக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது. கேட்பது யார் என்பதை, கேள்வியோடு போகும் யூசர் ஏஜென்ட் என்ற அடையாள வரியில் சொல்ல வேண்டும். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்காமல் பதிலைச் சேமித்து வைக்க வேண்டும். தரவு யாருடையது என்று குறிப்பிட வேண்டும். ஓசியில் தருகிறவர்கள் இவ்வளவாவது கேட்பது நியாயம்தானே. ஐம்பது முகவரிக்கு ஒரு நிமிடம் போதும்.

அதன் பதிலில் ஒரு விசேஷம் இருக்கிறது. அகலாங்கும் நெட்டாங்கும் எண்ணாக வராது, மேற்கோள் குறிக்குள் எழுத்தாக வரும். இடத்தின் எல்லைப் பெட்டியும் அப்படித்தான். நாலு எழுத்துச் சரங்கள். தெற்கு, வடக்கு, மேற்கு, கிழக்கு என்ற வரிசையில். ஆனால் இடத்தின் அடையாள இலக்கம் எண்ணாகவே வரும். ஒரே பதிலுக்குள் இரண்டு பழக்கம். ஆவணத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருக்கிறார்கள், ஆகவே குறை சொல்ல ஒன்றும் இல்லை. வாங்குகிற பக்கத்தில் நாம்தான் தயாராக இருக்க வேண்டும்.

டொட் நெட்டில் இந்த வேலைக்கு முன்பு எல்லாரும் எடுத்தது ஜேம்ஸ் நியூட்டன்-கிங் எழுதிய ஜேசன் டொட் நெட். நானும் கொழும்பில் வேலை செய்த காலத்தில் அதோடுதான் வளர்ந்தேன். தாராள மனம் படைத்த லைப்ரரி அது. பெயரில் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று பார்க்காது, எண் கேட்ட இடத்தில் எண் போன்ற எழுத்து வந்தால் தானே மாற்றிப் போட்டுவிடும். சிஸ்டம் டெக்ஸ்ட் ஜேசன் 2019இல் டொட் நெட் கோர் 3.0 உடன் வந்தது. வேகம், கண்டிப்பு இரண்டும் அதன் பெயர். எனக்குக் கண்டிப்பான வாத்திமாரைப் பிடிக்கும் என்பதால் சந்தோஷமாக மாறினேன். பழகிய பிறகுதான் விளங்கியது: இந்த வாத்தியார் கையெழுத்துச் சரியில்லை என்று அடிப்பார், விடையே எழுதாமல் விட்ட கேள்வியைக் கண்டுகொள்ளமாட்டார்.

அது எனக்கு எப்படி விளங்கியது என்ற கதை கொஞ்சம் நீளம்.

ஒரு வெள்ளிக்கிழமை, மரக்கறிச் சாப்பாடு. பன்னிரண்டரை இருக்கும், பார்சல் கொண்டு போகும் தம்பி போன் எடுத்தான்.

"அக்கா, முதல் மானிப்பாய் போகச் சொல்லிச்சுது, போனன். பேந்து திரும்பிக் கொக்குவிலாம், வந்தன். இப்ப பாத்தா ஆனைக்கோட்டையாம். உங்கடை மிசினுக்கு இண்டைக்கு என்ன பிடிச்சது?"

திருநெல்வேலியிலிருந்து கொக்குவில் காலடியில் இருக்கிறது. ஆனைக்கோட்டை மானிப்பாய்க்குப் போகிற வழியில் இருக்கிறது. மடையன்கூட இப்படி ஒழுங்கு போடமாட்டான். திரையைத் திறந்து பார்த்தேன். பெயர்கள் எல்லாம் சரி, முகவரிகள் எல்லாம் முழுசாக இருக்கின்றன, எங்கேயும் சிவப்பு எழுத்து இல்லை. அதற்குள் மச்சாளும் எடுத்துவிட்டா.

"கொக்குவில் ஆள் சோறு ஆறிப்போச்செண்டு பேசுது. கிட்ட இருக்கிறவைக்கு முதல் குடுக்க வேணுமெண்டு தெரியிறதுக்கு என்னத்துக்கடி கொம்பியூட்டர்?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஒழுங்கைக் கையால் எழுதி அனுப்பிவிட்டு, பின்னேரம் ஆற அமர இருந்து பார்த்தேன். ஐம்பது வீட்டுக்கும் அகலாங்கு பூச்சியம், நெட்டாங்கு பூச்சியம். ஐம்பது வீடும் ஆபிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாவில், கடலுக்குள். சமையலறையின் புள்ளியை மட்டும் நான் கோடிலேயே எழுதி வைத்திருந்ததால் அது திருநெல்வேலியில் பத்திரமாக இருந்தது. ஆக எல்லா வீடும் சமையலறையிலிருந்து கிட்டத்தட்ட 8,900 கிலோமீட்டர். எல்லாம் ஒரே தூரம் என்றால் எதை முதலில் வைப்பது? சி ஷார்ப்பில் வரிசைப்படுத்தித் தரும் ஓடர் பை சமமானவற்றைக் குழப்பாமல் வந்த வரிசையிலேயே விடும். அன்றைக்குக் காலையில் முதலில் போன் எடுத்துச் சாப்பாடு சொன்னவர் மானிப்பாய்க்காரர்.

பிழை என்னுடையதுதான். முதல்நாள் இரவு, நொமினாட்டிம் சொன்னபடி பதில்களைக் கோப்பில் சேமிக்கும் வசதியைச் சேர்த்திருந்தேன். அதுவரைக்கும் பதில் நேராக, இணையத்தில் கேட்டு வாங்கித் தரும் எச்ரிரிபி கிளையன்டின் கெட் ஃபுறம் ஜேசன் வழியாக வந்தது. அந்த வாசலில் நிற்கிற காவல்காரர் இணையத்துக்கென்றே வைத்த விதிகளோடு நிற்பவர். பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்கமாட்டார், மேற்கோளுக்குள் வந்த எண்ணையும் எண்ணாக எடுப்பார். கோப்பிலிருந்து வாசிக்கும்போது நான் ஜேசன் சீரியலைசரை நேரடியாகக் கூப்பிட்டேன். அது பின்வாசல். ஒரே லைப்ரரி, ஒரே கிளாஸ் (ஓர் ஒப்ஜெக்டில் என்னென்ன இருக்கும் என்று எழுதி வைக்கும் அச்சு), ஆனால் இங்கே நிற்கிறவருக்கு விதி வேறு: பெயர் எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். ஜேசனில் அகலாங்கின் பெயரான லாட் என்பது சின்ன எழுத்தில் தொடங்குகிறது. என் கிளாஸில், சி ஷார்ப் வழக்கப்படி, பெரிய எழுத்தில் தொடங்குகிறது. பொருந்தவில்லை. பொருந்தாத பெயரை அவர் ஓசைப்படாமல் ஒதுக்கி வைத்துவிட்டு, நிரப்பப்படாத என் புரொப்பர்ட்டியை (கிளாஸில் அந்த மதிப்புக்கென்று வைத்த இடம்) அப்படியே விட்டார். சி ஷார்ப்பில் நிரப்பப்படாத எண்ணின் மதிப்பு பூச்சியம்.

அப்படியென்றால் பெயர் மட்டும் எப்படிச் சரியாக வந்தது? இடத்தின் முழுப் பெயருக்கான புலத்தில் நடுவில் கீழ்க்கோடு ஒன்று வரும். அதனால் அதற்கு மட்டும் ஜேசன் புரொப்பர்ட்டி நேம் என்ற குறிப்பை (அட்ரிபியூட்) மேலே போட்டு உரிய பெயரைக் கையால் எழுதியிருந்தேன். பெயர் வந்தது, இடம் வரவில்லை. பாதி நிரம்பிய ஒப்ஜெக்ட் முழுவதும் வெறுமையானதைவிட மோசம். வெறுமையாக இருந்திருந்தால் தம்பி வெளிக்கிட முன்னமே பிடிபட்டிருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். லாட்டுக்கும் நான் பெயரை எழுதியிருந்தால் பின்வாசல் காவல்காரர் அன்றைக்கே சத்தம் போட்டிருப்பார். எண் கேட்ட இடத்தில் எழுத்து வந்திருக்கிறது, மாற்ற முடியாது, இத்தனையாம் வரி, இத்தனையாம் பைட் என்று பாதை உட்படச் சொல்லும் எக்செப்ஷன், அதாவது வேலையை நிறுத்தும் பிழை அறிவிப்பு, விழுந்திருக்கும். மதிப்பு வடிவம் பிசகி வந்தால் கத்துகிறார், வராமலே போனால் பேசாமல் இருக்கிறார்.

தீர்வு லைப்ரரிக்குள்ளேயே இருக்கிறது, அதுவும் நல்ல தீர்வு. டொட் நெட் 7 முதல், புரொப்பர்ட்டிக்கு முன்னால் ரிக்வயர்ட் என்ற சொல்லை எழுதினால் சிஸ்டம் டெக்ஸ்ட் ஜேசன் அதை மதிக்கும். அந்தப் புலம் ஜேசனில் இல்லாவிட்டால் எந்த வகைக்கு எந்தப் புலம் குறைகிறது என்று பெயர் சொல்லி எக்செப்ஷன் எறியும். இப்போது என் இடம் என்ற கிளாஸில் லாட், லொன் (நெட்டாங்கு) இரண்டுக்கும் மூன்று காவல்: ஜேசனில் உள்ள பெயர், மேற்கோளுக்குள் எண் வந்தாலும் வாசி என்ற அனுமதி, ரிக்வயர்ட். இந்த மூன்றையும் கிளாஸிலேயே எழுதிவிட்டால் முன்வாசலால் வந்தாலும் பின்வாசலால் வந்தாலும் ஒரே விதி. கூப்பிடும்போது கொடுக்கும் ஆப்ஷன் என்று வெளியில் வைத்ததைக் கொண்டுவர மறந்துபோகலாம், கிளாஸில் எழுதியதை மறக்க முடியாது. எல்லைப் பெட்டிக்கும் அதே அனுமதியைப் போட்டேன். எண்களின் வரிசையில் போட்டால் உள்ளே இருக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் செல்லும்.

ரிக்வயர்ட் போட்டதில் எதிர்பாராத இலாபம் ஒன்று. நொமினாட்டிமில் முகவரி தேடிக் கிடைக்காவிட்டால் வெறும் வரிசை வரும். புள்ளியைக் கொடுத்து முகவரி கேட்டுக் கிடைக்காவிட்டால் பிழை என்ற ஒரே புலத்தோடு ஓர் ஒப்ஜெக்ட் வரும், எச்ரிரிபி நிலையோ 200, அதாவது எல்லாம் சரி. முந்தி அந்தப் பிழைச் செய்தியைக்கூட என் புரோகிராம் "பூச்சியம், பூச்சியத்தில் ஓர் இடம்" என்று சந்தோஷமாக வாங்கியிருக்கும். இப்போது வாங்காது.

இதே உற்சாகத்தில், கிளாஸில் இல்லாத புலம் வந்தால் மறுத்துவிடு என்ற வசதியையும் (டொட் நெட் 8இல் வந்தது) போட்டுப் பார்த்தேன். அரை மணித்தியாலத்தில் எடுத்துவிட்டேன். மற்றவர் நடத்தும் சேவையில் நாளைக்கு ஒரு புலம் கூடும். அதற்காக மத்தியானச் சாப்பாடு நிற்கக் கூடாது. வேண்டியது வராவிட்டால் கத்து, வேண்டாதது வந்தால் பேசாமல் இரு. இதுதான் சரியான அளவு.

ஜேர்மனியில் இருக்கும் தம்பியின் கதையையும் சொல்ல வேண்டும். லைப்ரரியை மனதாரப் பாராட்டுவதற்கான இடம் இது. மேலே சொன்ன அனுமதியைக் கண்டுபிடிக்கும் முன்னம், எழுத்தாக வரும் லாட்டை எழுத்தாகவே வாங்கி, பிறகு டபுள் பாஸ் என்ற கட்டளையால் நானே எண்ணாக மாற்றிக்கொண்டிருந்தேன். கொக்குவிலில் ஒரு குறையும் இல்லை. தம்பி விளையாட்டாகத் தன் கொம்பியூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, யாழ்ப்பாணம் 96,615 பாகையில இருக்குதாம்" என்று படம் எடுத்து அனுப்பினான். அவனுடைய கொம்பியூட்டர் ஜேர்மன் வழக்கில் இருக்கிறது. அங்கே தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரங்களைப் பிரிக்கப் புள்ளி. 9.6615 என்பதில் உள்ள புள்ளியை அது ஆயிரப் பிரிப்பாக எடுத்து அழித்துவிட்டது. சிஸ்டம் டெக்ஸ்ட் ஜேசன் இந்த விளையாட்டுக்கே போகாது. கொம்பியூட்டர் எந்த நாட்டு வழக்கில் இருந்தாலும் ஜேசனுக்குள் புள்ளி தசமப் புள்ளிதான், மேற்கோளுக்குள் இருந்தாலும்தான். எண்ணை வாசிக்கும் வேலையை அதனிடமே விட்டுவிட வேண்டும், கையால் செய்யப் போகக் கூடாது. யாழ்ப்பாணத்தில் எழுதிய கோட் ஜேர்மனியில், பிரான்ஸில், நோர்வேயில் எங்கேயாவது ஓடத்தானே போகிறது. எங்களில் எந்தக் குடும்பம்தான் ஒரு நாட்டில் இருக்கிறது?

அடுத்தது வரிசைப் பிரச்சினை. இதில் லைப்ரரிக்குப் பங்கில்லை, ஆனால் லைப்ரரி உதவும். ஜியோஜேசன் என்று இடங்களுக்கென்றே ஒரு வடிவம் இருக்கிறது, 2016இல் ஆர்எஃப்சி 7946 என்ற இணையத் தர ஆவணமாக வெளியானது. அதில் ஒரு புள்ளி என்பது இரண்டு எண் கொண்ட வரிசை. முதலில் நெட்டாங்கு, பிறகு அகலாங்கு. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததும், வாயால் சொல்வதும் மற்றப் பக்கம். யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ அகலாங்கு 9.66, நெட்டாங்கு 80.01. மாற்றிப் போட்டால் என்ன நடக்கும்? 80 பாகை வடக்கு, 9.66 கிழக்கு. ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடமேற்கே, ஆர்க்டிக் கடலில். இலங்கையின் எந்தப் புள்ளியைப் புரட்டினாலும் அது செல்லுபடியாகும் இன்னொரு புள்ளியாகிவிடும், ஏனென்றால் எங்கள் நெட்டாங்கு 90ஐத் தாண்டவில்லை. ஜப்பான்காரனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவன் புரட்டினால் அகலாங்கு 120ஐத் தாண்டி உடனே பிடிபட்டுவிடும்.

இரண்டு எண் கொண்ட வரிசையை அப்படியே வைத்திருந்தால் கோட் முழுக்க "பூச்சியமாவது எது, ஒன்றாவது எது" என்று யோசித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே புள்ளி என்று ஒரு வகை செய்து, ஜேசனிலிருந்து அதற்கு மாற்றித் தரும் கன்வேர்ட்டர் ஒன்றை எழுதினேன். வரிசையின் தொடக்கத்தைப் பார், முதல் எண்ணை நெட்டாங்கில் போடு, இரண்டாவதை அகலாங்கில் போடு, உயரம் என்று மூன்றாவது வந்தால் தாண்டு, வரிசை முடிகிறதா பார். முப்பது வரிக்குள் முடிந்தது. கன்வேர்ட்டர் எழுதும் முறை இந்த லைப்ரரியில் அழகு; வாசிப்பான் ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தர நாம் என்னவென்று பார்த்துக்கொண்டே போகலாம். ஒரு துண்டு கூடவோ குறையவோ வாசித்து நிறுத்தினால் பிடித்துச் சொல்லிவிடும். எல்லைப் பெட்டியின் தெற்கு, வடக்கு, மேற்கு, கிழக்குக்கும் இதே மாதிரி ஒன்று எழுதலாம். நான் இன்னும் எழுதவில்லை, பஞ்சிதான் காரணம்.

ஜியோஜேசனில் இன்னொரு கூத்து. புள்ளி என்றால் இரண்டு எண், பரப்பு என்றால் வரிசைக்குள் வரிசைக்குள் வரிசை. எது என்பதை வகை என்ற புலம் சொல்லும். அதைப் பார்த்துச் சரியான கிளாஸைத் தேர்ந்தெடுக்கும் வசதி டொட் நெட் 7இலிருந்து உண்டு. ஆனால் அந்த வகைப் புலம் ஒப்ஜெக்டின் முதலாவதாக வந்தால்தான் வேலை செய்யும். ஜேசனில் புலங்களுக்கு வரிசை கிடையாது என்பது சின்னப்பிள்ளைப் பாடம். வேறு ஒருவர் அனுப்பும் ஜேசனில் எது முதலில் வரும் என்று யார் உத்தரவாதம் தருவது? டொட் நெட் 9இல் இதற்கு ஓர் ஆப்ஷன் வைத்திருக்கிறார்கள், எங்கே வந்தாலும் ஏற்கும். நான் 8இல் இருப்பதால் பரப்பை எடுப்பதையே விட்டுவிட்டேன். சோறு கொடுக்கப் புள்ளி போதும்.

முகவரிப் பகுதிக்கு நான் கிளாஸ் எழுதவேயில்லை. நொமினாட்டிம் முகவரியைப் பிரித்துத் தரும்போது ஓரிடத்தில் நகரம் என்ற புலம், இன்னோரிடத்தில் பட்டினம், வேறோரிடத்தில் கிராமம், புறநகர் என்று வரும். யாரோ ஒருவர் வரைபடத்தில் எப்படிக் குறித்தாரோ அப்படி. இவை அனைத்துக்கும் புரொப்பர்ட்டி எழுதி முக்கால்வாசியை வெறுமையாக வைத்திருப்பதில் என்ன பயன்? புலத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் மதிப்பைத் தரும் டிக்ஷனரியாக வாங்கினேன், வேண்டியதைத் தேடி எடுத்தேன். எல்லாவற்றுக்கும் கிளாஸ் எழுத வேண்டும் என்று ஒரு வெறி எல்லாருக்கும் ஒரு காலத்தில் வரும், எனக்குப் போய்விட்டது. நாட்டுக் குறியை மட்டும் கட்டாயம் பார்க்கிறேன். திருநெல்வேலி என்று நாட்டைச் சொல்லாமல் கேட்டால் தாமிரபரணிக் கரைத் திருநெல்வேலிக்குப் பார்சல் போய்விடும். கேட்கும்போதே இலங்கை என்று குறிப்பிட்டு, வந்த பதிலிலும் ஒருமுறை சரிபார்க்கிறேன்.

தமிழ் எழுத்துக்கு வருவோம். வாசிக்கும்போது ஒரு குறையும் இல்லை. பருத்தித்துறையும் ஊர்காவற்றுறையும் ஒரு புள்ளி பிசகாமல் வந்து சேர்ந்தன. திருப்பி எழுதும்போதுதான் மனம் நொந்தது. வாடிக்கையாளர் பட்டியலைக் கோப்பில் எழுதித் திறந்து பார்த்தால் தமிழே இல்லை. ஒவ்வோர் எழுத்துத் துண்டுக்கும் பதிலாகப் பின்சாய்கோடும் யூவும் நாலு இலக்கமும். ஆங்கிலம் தவிர்ந்த எல்லாவற்றையும் இப்படி மறைத்து எழுதுவதுதான் இதன் இயல்பு. இணையப் பக்கத்துக்குள் ஜேசனைச் செருகும்போது ஆபத்து வரக் கூடாது என்ற முன்யோசனை. யாழ்ப்பாணம் என்ற சொல்லில் யூனிகோட் கணக்கில் 11 துண்டுகள். யூடிஎஃப்-8இல் நேராக எழுதினால் 33 பைட், மறைத்து எழுதினால் 66. இரண்டு மடங்கு என்பதைவிட, கோப்பைத் திறந்து கண்ணால் வாசிக்க முடியாது என்பதுதான் என் கோபம். எந்த எழுத்தை மறைப்பது என்று தீர்மானிக்கும் என்கோடரை உருவாக்கும்போது அடிப்படை லத்தீனோடு தமிழ் என்ற யூனிகோட் வீச்சையும் சேர்த்துக் கொடுத்தால் சரியாகிவிடும். ஒரே வரி. அந்த ஒரு வரி வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஒரு முழு இரவு.

இடையில் காசு கட்டும் வரைபடச் சேவை ஒன்றையும் ஒரு மாதம் எடுத்துப் பார்த்தேன், பெயர் வேண்டாம். இடங்கள் இரண்டு மூன்று கிடைத்தால் வரிசையாகத் தந்தது, ஒன்றே ஒன்று கிடைத்தால் வரிசை இல்லாமல் வெறும் ஒப்ஜெக்டாகத் தந்தது. "ஒன்றோ பலவோ" என்று ஒரு கன்வேர்ட்டர் எழுதினேன், அதுவும் வேலை செய்தது. ஆனால் காசையும் கொடுத்து அவர்களுக்காகக் கோடும் எழுதுவானேன் என்று மாத முடிவில் விட்டுவிட்டேன்.

வீதி வழித் தூரத்துக்கு ஓஎஸ்ஆர்எம் என்ற திறந்த மென்பொருள். ஜியோஃபாப்ரிக் தளத்தில் இலங்கைக்கென்று வெட்டி வைத்திருக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை இறக்கி, சாமியறைக்குப் பக்கத்து அறையில் உள்ள பழைய கொம்பியூட்டரில் ஓட விட்டிருக்கிறேன். தூரம் மீற்றரில், நேரம் செக்கனில், எண்கள் எண்களாகவே வரும். அட்டவணை கேட்டால் ஒவ்வொரு வீட்டிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை செக்கன் என்று கட்டம் கட்டமாகத் தரும்; வழியே இல்லாத சோடிக்கு நல் தரும். நல் என்றால் தமிழில் நல்லது, ஜேசனில் ஒன்றுமில்லாதது. அந்தக் கட்டங்களை வெறும் டபுள் (தசம எண்) என்று எழுதினால் முதல் நல்லிலேயே எக்செப்ஷன் விழும். கேள்விக்குறி போட்ட டபுள் என்று எழுதினால் வாங்கிக்கொள்ளும், அதன் பிறகு "வழி இல்லாவிட்டால் என்ன செய்வாய்?" என்று கொம்பைலர் ஒவ்வோர் இடத்திலும் என்னைக் கேட்கும். இதுதான் வகை எழுதுவதால் கிடைக்கும் உண்மையான பலன். எண்ணுக்கு இந்தக் காவல் இருக்கிறது, எழுத்துக்கு இல்லை. நல் வரக் கூடாது என்று எழுதிய ஸ்ட்ரிங்குக்குள்ளும் ஜேசனிலிருந்து நல் நுழைந்துவிடும். ரிக்வயர்ட் போட்டாலும்தான், ஏனென்றால் புலம் வந்திருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கும். 9இல் அதைத் தடுக்கும் ஆப்ஷன் உண்டு, ஆனால் நாமே திறந்துவிட வேண்டும்.

வேகத்தைப் பற்றி எல்லாரும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஐம்பது முகவரிக்கு எனக்கு அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஐந்தில் நாலு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது பூச்சியத்துக்காக. வராத அகலாங்கைப் பூச்சியமாக விடுவதை இயல்பாகவும், சத்தம் போடுவதை நாம் கேட்டு வாங்க வேண்டியதாகவும் வைத்ததை என்னால் இன்னும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கணக்கில் பூச்சியம் ஓர் எண், உலக உருண்டையில் அது ஓர் இடம். இரண்டிலும் "தெரியாது" என்று அதற்குப் பொருள் இல்லை. மற்றபடி ஜேசன் டொட் நெட்டுக்குத் திரும்பிப் போகும் யோசனை இல்லை. வரைபடச் சேவையோடு வேலை செய்கிறவர்கள், முக்கியமாக வெளிநாட்டில் ஓடப்போகும் கோட் எழுதுகிறவர்கள், தயங்காமல் எடுக்கலாம். ரிக்வயர்டை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

எந்த லைப்ரரியாலும் தீராத ஒன்று மிச்சம் இருக்கிறது. "வைரவர் கோயிலடி ஒழுங்கை, கிணத்தடி வீடு" என்று ஒருவர் முகவரி தந்தால் நொமினாட்டிம் வெறும் வரிசையைத் தரும், சிஸ்டம் டெக்ஸ்ட் ஜேசன் அதை மிகச் சரியாக வெறும் வரிசையாகவே வாங்கித் தரும். அந்த வீடுகளுக்கு முதல் தடவை பார்சல் தம்பி வாசலில் நின்று போனில் புள்ளியை எடுத்து அனுப்புவான், நான் ஒரு கோப்பில் சேர்த்துக்கொள்வேன். இதுவரை பதினேழு வீடு.

9க்கோ 10க்கோ மாறுவதை நல்லூர்த் திருவிழா முடியும் வரைக்கும் தள்ளி வைத்திருக்கிறேன். அந்த 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதிகளை மறித்துவிடுவார்கள், என் பழைய கொம்பியூட்டருக்கு அது தெரியாது. எந்த வீதி மறிப்பு என்று தம்பி காலையில் சொல்ல, நான் ஒழுங்கைக் கையால் மாற்றிக்கொண்டிருப்பேன். அதற்கு நடுவில் லைப்ரரியையும் மாற்றினேன் என்று மச்சாளுக்குத் தெரிந்தால் சாப்பாடு நின்றுவிடும்.